மலையேறி வரும் நோயாளியும் எழுதப்படாத ஊசித் தேதியும்
மருத்துவ ஆவணம்: வாசகர் கேள்வி – பதில்

குழந்தையின்மை சிகிச்சையின்போது ஏற்படும் சிக்கல்களை ஆவணத்தில் எப்படி எழுதுவது, அவற்றுக்கு எந்தக் குறியீடு இடுவது என்று கேட்டு நீலகிரியிலிருந்தும் கொடைக்கானலிலிருந்தும் வந்த கடிதங்களுக்கு இம்முறை பதில் தருகிறோம். கேள்வி கேட்டவர்களின் பெயர்களை வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறோம்.

கேள்வி: குன்னூரில் ஒரு தனியார் மருத்துவமனையின் மருத்துவ ஆவணப் பிரிவில் பணிபுரிகிறேன். கோவையில் கருமுட்டை எடுத்துக்கொண்டு ஊர் திரும்பிய 29 வயதுப் பெண் ஒருவர், ஐந்தாம் நாள் இரவு வயிறு உப்பி, மூச்சு வாங்கும் நிலையில் எங்களிடம் சேர்ந்தார். மூன்று நாள் சிகிச்சைக்குப் பின் வீடு திரும்பினார். டிஸ்சார்ஜ் சம்மரியில் "வயிற்று வலி, வயிறு உப்புசம், கவனிப்பில் வைக்கப்பட்டார்" என்று மட்டுமே இருக்கிறது. நான் என்ன குறியீடு போடுவது?

அந்த ஒரு வரியை மட்டும் வைத்துக்கொண்டால், நோய்களுக்குக் குறியீடு தரும் பன்னாட்டுப் பட்டியலான ஐசிடி-10இல் வயிற்று வலிக்கான ஆர் 10, உப்புசத்துக்கான ஆர் 14 என்ற அறிகுறிக் குறியீடுகளுக்கு மேல் உங்களால் போக முடியாது. இது சினைப்பை மிகைத் தூண்டல், அதாவது எல்லோரும் ஓ.எச்.எஸ்.எஸ். என்று சொல்லும் சிக்கல், என்று உங்களுக்கே தோன்றியிருக்கும். அதற்குரிய குறியீடு என் 98.1 (N98.1) என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆனால் நோயறிதலை எழுதும் அதிகாரம் மருத்துவருக்கு உரியது. அவர் எழுதாததைக் குறியீட்டாளர் ஊகித்து நிரப்பினால், அந்த ஊகம் சரியாகவே இருந்தாலும், ஆவணம் பிழையானதாகிவிடும். ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது கோப்பை மூடாமல் மருத்துவரிடம் திருப்பி அனுப்புவதுதான்.

மருத்துவரிடம் என்ன கேட்பது என்று தெரிய, நோய் உண்டாகும் விதத்தைக் கொஞ்சம் அறிந்திருக்க வேண்டும். பல கருமுட்டைகள் ஒரே சுற்றில் வளர்வதற்காகப் போடப்படும் ஊசிகளால் சினைப்பைகள் வீங்குகின்றன. முட்டைகளை முதிரச் செய்வதற்காகக் கடைசியாகப் போடப்படும் எச்.சி.ஜி. ஹார்மோன் ஊசிக்குப் பிறகு, அந்தச் சினைப்பைகளிலிருந்து சுரக்கும் பொருள்கள் இரத்த நுண்குழாய்களைக் கசியச் செய்கின்றன. நீர் வயிற்றுக்குள்ளும் சில வேளைகளில் நுரையீரல் உறைக்குள்ளும் இறங்குகிறது, இரத்தம் கெட்டிப்படுகிறது, சிறுநீர் குறைகிறது, இரத்தக்கட்டு உருவாகும் ஆபத்து கூடுகிறது. ஊசி போட்ட முதல் ஒன்பது நாட்களுக்குள் வருவது முன்வகை. அதற்குப் பின் வருவது பெரும்பாலும் கரு தங்கியதால் உடலே சுரக்கும் எச்.சி.ஜி.யால் தூண்டப்படும் பின்வகை. இது நீண்டு நிற்கும், கடுமையாகவும் இருக்கும். எனவே, அந்த ஊசி எந்தத் தேதியில் போடப்பட்டது என்ற ஒரு தகவல் இல்லையென்றால், மற்ற எல்லாம் இருந்தும் ஆவணம் பாதிதான்.

மலையில் இந்தத் தேதிதான் பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது. கோவையில் சிகிச்சை நடந்த மையத்திலேயே நோயாளி சேர்ந்திருந்தால் முழுக் கோப்பும் கையில் இருக்கும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 14 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வீடு சேர்ந்துவிட்ட பெண்ணுக்கு இரவில் மூச்சு வாங்கும்போது, குடும்பம் அருகிலுள்ள மருத்துவமனைக்குத்தான் ஓடும். மழைக்காலத்தில் பாதையில் மண் சரிந்திருந்தால் கீழே இறங்குவதை நினைத்தும் பார்க்க முடியாது. அவசரப் பிரிவில் இருப்பவர் கையில் ஒரு மருந்துச் சீட்டும், கணவரின் கைப்பேசியில் இரண்டு ஸ்கேன் படங்களும் இருந்தால் அதிகம். போதாக்குறைக்கு, குளிர் என்றும் உயரம் என்றும் சொல்லி மூச்சுத் திணறலை ஓரங்கட்டிவிடும் பழக்கம் நம் மலையில் எல்லோருக்கும் உண்டு. நுரையீரல் உறையில் நீர் கோத்திருப்பது அந்தப் பேச்சுக்குள் மறைந்துபோகக் கூடாது.

அந்த ஒற்றை வரிக்குப் பதிலாக மருத்துவர் இப்படி எழுதியிருந்தால் போதுமானதாக இருந்திருக்கும்: "ஐ.வி.எஃப். சிகிச்சைக்கான சினைப்பைத் தூண்டலைத் தொடர்ந்து ஏற்பட்ட கடுமையான சினைப்பை மிகைத் தூண்டல், எச்.சி.ஜி. ஊசியின் ஏழாம் நாள், முட்டை எடுத்த ஐந்தாம் நாள், கரு மாற்றப்படவில்லை, ஹீமட்டோகிரிட் 47 சதவீதம், ஸ்கேனில் வயிற்றில் மிதமான நீர், வலப்பக்க நுரையீரல் உறையில் நீர், இரத்தக்கட்டுத் தடுப்பு ஊசி தரப்பட்டது." இதில் நோயின் பெயர், காரணம், காலம், கடுமை, செய்த சிகிச்சை ஆகிய அனைத்தும் வந்துவிட்டன. ஹீமட்டோகிரிட், அதாவது இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு, 45 சதவீதத்தைத் தாண்டினால் கடுமையானது என்றும், 55 சதவீதத்தைத் தாண்டினாலோ வெள்ளணுக்கள் 25,000ஐத் தாண்டினாலோ உயிராபத்தான நிலை என்றும் பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர் கல்லூரி வகுத்திருப்பதால், அந்த எண்ணை எழுதுவது வெறும் சடங்கு அல்ல.

இன்னொன்றையும் கவனியுங்கள். லேசான உப்புசத்துக்கும் தீவிர சிகிச்சைப் பிரிவு வரை போன நிலைக்கும் என் 98.1 என்ற ஒரே குறியீடுதான். கடுமையை அது சொல்லாது. ஆகவே நுரையீரல் உறை நீருக்கு ஜே 90, வயிற்று நீருக்கு ஆர் 18 போன்ற கூடுதல் குறியீடுகளே அந்தப் பெண் எவ்வளவு நோயுற்றிருந்தார் என்பதைக் காட்டும். அவற்றையும் மருத்துவர் எழுதி, கவனித்து, சிகிச்சை தந்திருந்தால் மட்டுமே சேர்க்க முடியும்.

கேள்வி: கோத்தகிரியில் வீட்டிலிருந்தபடி அமெரிக்க மருத்துவமனைகளுக்குக் குறியீடு இடும் வேலை பார்க்கிறேன். குழந்தையின்மை மையங்களின் சார்ட்டுகளில், அதாவது நோயாளிக் கோப்புகளில், "ஓ.எச்.எஸ்.எஸ்.ஆக இருக்கலாம்" என்று அடிக்கடி வருகிறது. ஒரு சீனியர் என் 98.1 போடச் சொல்கிறார், இன்னொருவர் கூடாது என்கிறார். யார் சொல்வது சரி?

சார்ட் எந்த வகையைச் சேர்ந்தது என்று பார்க்காமல் இரண்டு பேருமே பேசியிருக்கிறார்கள். அமெரிக்காவில் 2015 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கும் ஐசிடி-10-சிஎம் (ஐசிடி-10இன் அமெரிக்க வடிவம்) வழிகாட்டியின்படி, புறநோயாளிப் பிரிவில் "இருக்கலாம்", "சந்தேகம்", "இல்லை என்று உறுதி செய்ய வேண்டும்" என்றெல்லாம் எழுதப்பட்டவற்றை உறுதியான நோயாகக் குறிக்கக் கூடாது. அந்த வருகையில் உறுதியாகத் தெரிந்த அறிகுறிகளையே குறிக்க வேண்டும். உள்நோயாளியாகச் சேர்ந்து வீடு திரும்பும்போதும் அதே ஐயம் நீடிப்பதாக மருத்துவர் எழுதியிருந்தால், அந்த நோய் இருப்பதாகவே கொண்டு குறிக்கலாம். குழந்தையின்மை மையங்களின் சார்ட்டுகள் பெரும்பாலும் புறநோயாளி வகையே. அவசரப் பிரிவில் பார்த்து அனுப்பிவிட்டதும் அந்த வகைதான். இரவு முழுவதும் கட்டிலில் படுத்திருந்தார் என்பதால் மட்டும் அவர் உள்நோயாளி ஆகிவிட மாட்டார்.

ஆனால் என் அனுபவத்தில், "இருக்கலாம்" என்ற சொல்லைவிட அதிகத் தொல்லை தருவது முன்கூட்டியே அச்சிடப்பட்டிருக்கும் "சிக்கல்கள்: ஏதுமில்லை" என்ற வரிதான். முட்டை எடுக்கும் சிகிச்சைக்கான குறிப்பு, அதாவது 58970 என்ற சிபிடி எண்ணுக்குரிய (அமெரிக்காவில் செய்முறைகளுக்குத் தரப்படும் எண்) குறிப்பு, பல மென்பொருள்களில் முழுவதும் நிரப்பப்பட்ட படிவமாகவே திறக்கிறது. மருத்துவர் முட்டைகளின் எண்ணிக்கையை மட்டும் மாற்றிவிட்டுக் கையொப்பமிடுகிறார். இரண்டு மணி நேரம் கழித்துச் செவிலியர் குறிப்பில் இரத்த அழுத்தம் சரிந்தது என்று இருக்கும். மாலையில் எடுத்த ஸ்கேனில் வயிற்றுக்குள் இரத்தம் என்று இருக்கும். மறுநாள் இரத்தம் ஏற்றிய பதிவும் இருக்கும். படிவமோ இன்னமும் "ஏதுமில்லை" என்றே சொல்லிக்கொண்டிருக்கும். இப்படி முரண்படும்போது எதை நம்புவது என்று நீங்கள் முடிவு செய்யக் கூடாது. சிகிச்சைக்குப் பொறுப்பான மருத்துவரிடம் க்வெரி, அதாவது விளக்கம் கேட்கும் எழுத்துக் கேள்வி, அனுப்ப வேண்டும்.

க்வெரியை எழுதுவதிலும் பக்குவம் வேண்டும். "இது முட்டை எடுத்ததால் ஏற்பட்ட இரத்தக்கசிவுதானே? ஆம் என்று குறிக்கவும்" என்று கேட்டால், பதிலை நீங்களே அவர் வாயில் வைத்துவிடுகிறீர்கள், தணிக்கையில் அது நிற்காது. "மாலை ஸ்கேனில் வயிற்றுக்குள் இரத்தம் பதிவாகியுள்ளது, ஹீமோகுளோபின் 12.1இலிருந்து 8.4ஆகக் குறைந்துள்ளது; இரண்டு யூனிட் இரத்தம் ஏற்றப்பட்டுள்ளது. இந்நிலைக்குரிய நோயறிதலையும், இது செய்முறையுடன் தொடர்புடையதா, இயல்பாக எதிர்பார்க்கப்படுவதா, வேறு காரணத்தாலானதா, தீர்மானிக்க இயலாததா என்பதையும் தங்கள் மருத்துவ முடிவின்படி குறிப்பிடவும்" என்று கேட்டால் சான்றும் இருக்கிறது, தெரிவும் இருக்கிறது. பணம் கூடும் குறையும் என்ற பேச்சே க்வெரியில் வரக் கூடாது.

சிகிச்சைக்குப் பின் வந்த ஒவ்வொன்றும் சிகிச்சையால் வந்த சிக்கல் ஆகிவிடாது என்று அந்த வழிகாட்டி தெளிவாகவே சொல்கிறது. சிகிச்சைக்கும் நிலைக்கும் காரணத் தொடர்பு இருப்பதை ஆவணம் காட்ட வேண்டும். அந்த நிலை மருத்துவ முக்கியத்துவம் உடையதாகவும் இருக்க வேண்டும். "சிக்கல்" என்ற சொல்லையே மருத்துவர் எழுதியாக வேண்டும் என்பதில்லை. அந்தச் சொல் இல்லை என்பதற்காகக் க்வெரிக்கு மேல் க்வெரி அனுப்பி மருத்துவரை எரிச்சலூட்டுபவர்களும் நம் தொழிலில் இருக்கிறார்கள்.

கேள்வி: அதே வாசகியின் இரண்டாவது கேள்வி. இரத்தக்கசிவு, தொற்று, சினைப்பை முறுக்கம் எல்லாவற்றையும் என் 98 தொகுதிக்குள்ளேயே போட்டுவிடலாமா?

கூடாது. அந்தத் தொகுதியின் தலைப்பு செயற்கைக் கருத்தரிப்புடன் தொடர்புடைய சிக்கல்கள் என்றிருப்பதால் எல்லாம் அதில் அடங்கும் என்று தோன்றும். உள்ளே பார்த்தால் என் 98.0 என்பது செயற்கை விந்தேற்றத்தைத் தொடர்ந்த தொற்றுக்கு மட்டும்; என் 98.2, என் 98.3 இரண்டும் கருவைக் கருப்பைக்குள் செலுத்தும் முயற்சியில் ஏற்படும் சிக்கல்களுக்கு. முட்டை எடுத்தபின் இடுப்புக்குழியில் சீழ் கோத்தால், செய்முறைக்குப் பிந்தைய தொற்றுக்கான டி 81.4 (T81.4) வரிசையில், தொற்று எவ்வளவு ஆழத்தில் என்று பார்த்துத் தேட வேண்டும். செய்முறைக்குப் பிந்தைய இரத்தக்கசிவுக்கு என் 99.820 இருக்கிறது. முறுக்கத்துக்கு என் 83.51 வரிசை, வலமா இடமா என்று மருத்துவர் எழுதாவிட்டால் ஆறாம் இலக்கம் "குறிப்பிடப்படவில்லை" என்றுதான் விழும். இரட்டைப் பக்கமுள்ள ஓர் உறுப்பை அறுவை செய்துவிட்டு எந்தப் பக்கம் என்று எழுதாமல் விடுவது வியப்பானதுதான், ஆனால் நடக்கிறது.

இரத்தக்கட்டைப் பொறுத்தவரை ஓ.எச்.எஸ்.எஸ்.இல் அது காலில் மட்டுமல்ல, கழுத்திலும் கையிலும் உள்ள சிரைகளிலும் வருவதுண்டு. கழுத்தின் உட்சிரை அடைப்புக்குத் தனிக் குறியீடே, ஐ 82.சி1 என்ற வரிசை, இருக்கிறது. ஆனால் கர்ப்பம் உறுதியாகிவிட்டால் கணக்கு மாறும். அந்த நிலை கர்ப்பத்தைப் பாதிக்கவில்லை என்று மருத்துவரே எழுதினாலொழிய, கர்ப்பகாலத்துக்கான 15ஆம் அத்தியாயத்தின் குறியீடுகளுக்குத்தான் முன்னிடம். பின்வகை ஓ.எச்.எஸ்.எஸ். வந்த பெண் பெரும்பாலும் கருவுற்றிருப்பார் என்பதால், பீட்டா எச்.சி.ஜி. என்ற கர்ப்பப் பரிசோதனையின் முடிவைப் பார்க்காமல் அந்த சார்ட்டை முடிக்காதீர்கள்.

கேள்வி: நாங்கள் உதகையில் வசிக்கிறோம். ஐ.வி.எஃப். சிகிச்சையில் என் மனைவிக்கு வயிற்றில் நீர் கோத்து, நான்கு நாள் மருத்துவமனையில் இருந்தார். கேஷ்லெஸ் மறுக்கப்பட்டது. பில் போடுமிடத்தில் இருந்தவர், "சினைப்பை நீர்க்கட்டி என்று எழுதித் தரச் சொல்லுங்கள், க்ளெய்ம் பாஸாகிவிடும்" என்கிறார். செய்யலாமா?

செய்யாதீர்கள். உங்கள் கவலை புரிகிறது. சிகிச்சைக்கே லட்சக்கணக்கில் செலவழித்த பிறகு இந்தச் செலவும் தலையில் விழும்போது, நான்கு எழுத்தை மாற்றினால் என்ன என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் காப்பீட்டு நிறுவனம் ஸ்கேன் அறிக்கையையும் மருந்துப் பட்டியலையும் கேட்கும். தூண்டல் ஊசிகள் அதில் இருக்கும். உண்மையை மறைத்ததாகத் தெரிந்தால் இந்த க்ளெய்ம் மட்டும் போகாது, பாலிசியே ரத்தாகலாம்.

அதைவிடப் பெரிய காரணம் உங்கள் மனைவியின் உடல்நலம். ஒருமுறை மிகைத் தூண்டல் வந்தவருக்கு அடுத்த சுற்றில் அது மீண்டும் வரும் வாய்ப்பு அதிகம். அதனால்தான் மருத்துவர்கள் அடுத்த முறை ஊசியின் அளவைக் குறைக்கிறார்கள், எச்.சி.ஜி.க்குப் பதிலாக வேறு வகை ஊசியால் முட்டையை முதிரச் செய்கிறார்கள். கருக்களை உறையவைத்துவிட்டு மாற்றத்தைத் தள்ளிப்போடுகிறார்கள். நாளை வேறொரு ஊரில் வேறொரு மருத்துவர் டிஸ்சார்ஜ் சம்மரியைப் புரட்டும்போது "நீர்க்கட்டி" என்றிருந்தால் இந்த முன்னெச்சரிக்கை எதுவும் அவர் நினைவுக்கு வராது.

இனி க்ளெய்முக்கு வருவோம். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019இல் தரப்படுத்திய விலக்குகளில் 17ஆம் எண் மலட்டுத்தன்மை, குழந்தையின்மை ஆகியவற்றுக்கான செலவைப் பற்றியது, ஐ.வி.எஃப்., இக்ஸி போன்றவை அதில் பெயர் சொல்லியே விலக்கப்பட்டிருக்கின்றன. உங்களுக்கு மறுத்தது இந்த எண்ணைக் காட்டித்தான் இருக்கும். ஆனால் சில பாலிசிகள் இந்தச் செலவைக் கூடுதல் பயனாகச் சேர்த்திருக்கின்றன; அலுவலகக் குழுக் காப்பீடு என்றால் அதன் விதிகள் தனி. ஆகவே பாலிசிப் புத்தகத்தில் 17ஆம் விலக்கு அப்படியே இருக்கிறதா, தளர்த்தப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மறுப்பை எழுத்தில், எந்த விதியின் கீழ் என்ற குறிப்போடு வாங்குங்கள். அவசர நிலையில் உயிர்காக்கச் சேர்ந்தார் என்பதையும், ஹீமட்டோகிரிட், நீர் அகற்றிய அளவு ஆகியவற்றையும் மருத்துவர் தனிக் கடிதமாகத் தந்தால் அதை இணைத்து நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு அனுப்புங்கள். பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ ஒரு மாதத்தில் பதிலே வராவிட்டாலோ, சென்னையிலுள்ள காப்பீட்டு ஆம்பட்ஸ்மேன் அலுவலகத்தில் கட்டணமின்றி முறையிடலாம். வெற்றி உறுதி என்று நான் சொல்ல மாட்டேன். 17ஆம் விலக்கு வலுவானது.

கருக்குழாயில் கரு தங்கிய நிலை மட்டும் வேறு. மகப்பேறு செலவுகளை விலக்கும் 18ஆம் எண்ணிலேயே "கருப்பைக்கு வெளியே தங்கிய கர்ப்பம் நீங்கலாக" என்று விதிவிலக்கு இருக்கிறது. அப்படியொரு க்ளெய்மை மகப்பேறு என்று சொல்லி மறுத்தால் அந்த வரியை அடிக்கோடிட்டு அனுப்புங்கள்.

கேள்வி: கொடைக்கானலிலிருந்து எழுதுகிறேன். மதுரையில் சிகிச்சை பெற்ற மையம் எங்கள் கோப்பைத் தர மறுக்கிறது. "அது மையத்தின் சொத்து" என்கிறார்கள்.

மூலக் கோப்பு அவர்களிடம் இருக்கலாம். நகல் உங்கள் உரிமை. இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகளின்படி, நோயாளியோ அவரால் அங்கீகரிக்கப்பட்டவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும். இவ்வகை மையங்களுக்கு 2021ஆம் ஆண்டின் இனப்பெருக்கத் துணைத் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டம் கூடுதலாகப் பொருந்தும். ஆவணங்களைக் குறைந்தது பத்தாண்டு காக்க வேண்டும் என்கிறது அது. ஆகவே "பழையதை அழித்துவிட்டோம்" என்ற பதிலும் செல்லாது. கோரிக்கையைத் தேதியிட்டு எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்பம் வாங்குங்கள். கேட்கும்போது "முழுக் கோப்பு" என்று பொதுவாகச் சொல்லாமல் தூண்டல் அட்டவணை, கடைசி ஊசியின் பெயரும் தேதியும் நேரமும், முட்டை எடுத்த குறிப்பு, கருவியல் கூட அறிக்கை, கரு மாற்றக் குறிப்பு என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். பில்களை மட்டும் கட்டிக் கொடுத்து அனுப்பிவிடுவது நடப்பதுதான்.

கேள்வி: கூடலூரில் பி.எஸ்சி. நர்சிங் முடித்திருக்கிறேன். மருத்துவக் குறியீட்டில் இந்தப் பிரிவை மட்டும் படித்து வேலைக்குப் போகலாமா?

இதை மட்டும் படித்து நுழைவது கடினம். பொதுக் குறியீட்டில் சிபிசி போன்ற சான்றிதழ் ஒன்றை முடித்து, மகப்பேறு சார்ட்டுகளில் ஓரிரு ஆண்டு பழகியபின் இதற்கு வாருங்கள். வார்டில் நின்ற அனுபவம் உங்களுக்குப் பெரிய பலம். செவிலியர் குறிப்பில் எதைத் தேடுவது என்று மற்றவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கும், உங்களுக்கு வேண்டியிருக்காது. வீட்டிலிருந்து வேலை கிடைத்தால் திரை மற்றவர் கண்ணில் படாத தனி அறை கட்டாயம் என்பதையும், கூடலூரில் மின்சாரமும் இணையமும் மழைக்காலத்தில் படுத்தும் பாட்டையும் கணக்கில் கொண்டு, பணியில் சேருமுன் மாற்று இணைப்பு ஒன்றுக்கு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.